‘வரலாற்றில் இன்று’ எழுதப் போகிறவருக்கு: ஒரு மார்ச் 2 படுத்திய பாடு

காலை ஏழரை மணிக்கு போன் வந்தது. கையில் பாண், தட்டில் சம்பல். எதிர்முனையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். "தம்பி, அத்வாச் சண்டை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. நீர் போட்டிருக்கிறது 1896 மார்ச் 2. அது திங்கட்கிழமையல்லோ?" என்றார். எத்தியோப்பியர் இத்தாலியரைத் தோற்கடித்த சண்டை அது. கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் அதிகமாக உறைத்தது.

கொழும்பில் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் ‘வரலாற்றில் இன்று’ பத்தியை நான் ஏற்று அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பத்து வரிதானே, இணையத்தில் எடுத்துத் தமிழில் போட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்படி முடியவில்லை. பாடசாலைக் காலைக் கூட்டத்துக்கோ, வானொலிக்கோ, சங்கத்து அறிவித்தல் பலகைக்கோ இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், நான் பட்டதை நீங்களும் பட வேண்டியதில்லை. உதாரணத்துக்கு என்னைக் கவிழ்த்த அந்த மார்ச் 2ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

1. ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

நாளை மறுநாள் பத்திக்கு இன்று தேட ஆரம்பித்தால் கிடைப்பதைப் போட்டுவிடுவீர்கள். ஆறு வாரம் இருந்தால் நூலகத்துக்கு இரண்டு முறை போகலாம், ஒருவரிடம் கேட்கலாம், சந்தேகமானதை வெட்டலாம்.

முதலில் அகப்படுவதையெல்லாம் வாரிப் போடுங்கள். ஒரு நாளுக்கு இருபது, இருபத்தைந்து சேரும். அச்சுக்குப் போவது ஏழு அல்லது எட்டு. மீதி கழியும், கழியத்தான் வேண்டும். என் முதல் மார்ச் 2 பட்டியலில் சண்டைகள், உடன்படிக்கைகள், மரணங்கள் என்று இருபத்திரண்டு இருந்தன. இன்று அவற்றில் ஏழுதான் மிச்சம்.

ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை வையுங்கள். கொப்பியில் தொடர்ச்சியாக எழுதாதீர்கள். பிறகு ஒன்றை மார்ச் 1க்கு மாற்ற வேண்டி வரும்போது அடித்தும் திருத்தியும் தலைவலியாகிவிடும். கடையில் கட்டாக விற்கும் சாதாரண மட்டை போதும். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன உடன்படிக்கைக்கு என் அட்டை இப்படி இருக்கும்:

கண்டி உடன்படிக்கை. 1815 மார்ச் 2, வியாழன். இடம்: கண்டி, மகுல் மடுவ (அரண்மனைச் சபா மண்டபம்). யார்: ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக், கண்டிப் பிரதானிகள். இந்த நாளில் நடந்தது: வாசிப்பு. கையெழுத்து: தனியாகப் பார். நாட்காட்டி: கிரெகோரியன் (இன்று நாம் பாவிப்பது). எங்கே பார்த்தேன்: … எப்போது பார்த்தேன்: …

கிழமையை எழுத மறக்காதீர்கள். ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, அதன் இரண்டு போட்டோ கொப்பி. பத்திரிகை ஆசிரியரிடமோ அதிபரிடமோ ஒரு பக்கக் கடிதம்: இன்னார், இன்ன பத்திக்காக, இன்ன காலத்துப் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டும் என்று. முத்திரை குத்தியிருந்தால் நல்லது. கடிதம் கேட்கமாட்டார்கள் என்று போய்த் திரும்பி வந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஒரு நாள் வீண்.

பென்சில் இரண்டு கொண்டுபோங்கள். பழைய ஆவணம் விரித்திருக்கும் மேசையில் பேனாவை எடுத்தால் யாராவது முறைப்பார்கள், அது நியாயம்தான். சில்லறையும் வேண்டும்.

செலவு பெரிதில்லை: பஸ் காசு, பிரதி எடுக்கும் காசு, மத்தியானச் சோறு. வாசகர் அனுமதிக்கும் பிரதிக்குமான கட்டணங்கள் அவ்வப்போது மாறும். போன வருடம் ஒருவர் சொன்ன கணக்கை நம்பிப் போகாமல் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். உண்மையான செலவு நேரம்தான். எட்டு வரிப் பத்தி ஒன்றுக்கு ஆரம்பத்தில் எனக்குப் பதினைந்து மணி நேரம் ஆனது. இப்போது ஆறு. கிடைக்கும் பணத்தை இந்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கும் தவறைச் செய்யாதீர்கள்.

3. எங்கே போவது

முதலில் எங்கும் போகாதீர்கள். இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகை, சஞ்சிகைகளும் ‘நூலகம்’ இணையத் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும்.

அடுத்தது வெள்ளவத்தை கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். தமிழ் ஆட்கள், தமிழ் நூல்கள் என்றால் அங்கே. உலகச் சங்கதிகளுக்கான கலைக்களஞ்சியங்களும் பொது வரலாறுகளும் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகத்தில்.

மூலத்தையே பார்க்க வேண்டும் என்றால் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம். தும்முல்லைச் சந்தியில் இறங்கி நடக்கலாம். ஒல்லாந்தர் கால நிர்வாகப் பதிவேடுகள் முதல் அரச வர்த்தமானிகள், பத்திரிகைகள் வரை அங்கே இருக்கின்றன. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் மத்தியானம் போகாதீர்கள். கட்டு வந்து சேரும்போது நாள் முடிந்துவிடும். காலையில் திறந்ததும் போய் நில்லுங்கள்.

போயா தினத்தை, அதாவது பௌர்ணமி விடுமுறையைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் வரும், அன்று அரச அலுவலகம் மூடியிருக்கும். சிரிக்காதீர்கள், நானே இரண்டு முறை பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

4. சண்டைகள்: எந்த நாட்காட்டி, எத்தனையாவது நாள்?

அத்வாவில் நான் விழுந்த குழி இதுதான். எத்தியோப்பியாவில் சக்கரவர்த்தி இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியரைத் தோற்கடித்த நாளை அந்த நாட்டவர் தங்கள் நாட்காட்டியில் யெகாதித் 23 என்று கொண்டாடுகிறார்கள். இன்றைக்கு அது மார்ச் 2இல் வருகிறது. ஆனால் 1896இல் அதே யெகாதித் 23 வந்தது மார்ச் 1இல். நடுவில் 1900ஆம் ஆண்டு இருக்கிறது. கிரெகோரியன் கணக்கில் அது நெட்டாண்டு இல்லை, எத்தியோப்பியர் கணக்கு அந்த விதிவிலக்கை அறியாது. ஒரு நாள் நழுவிவிட்டது. விழா நாளைப் பார்த்து நான் சண்டை நாளைப் போட்டுவிட்டேன்.

அட்டையில் கிழமை எழுதியிருந்தால் தப்பியிருப்பேன். அத்வா ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்று வரலாறுகள் சொல்கின்றன. 1896 மார்ச் 1 ஞாயிறு, மார்ச் 2 திங்கள். போனில் உள்ள நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினாலே தெரியும். மூலத்தில் கிழமை இருந்தால் அதை விடாதீர்கள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை அது.

இதே சோதனை நம் ஊர்ச் சங்கதிக்கும் உதவும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை அடைந்ததாக எழுதுகிறார். இன்றைய நாட்காட்டியில் அந்தத் திகதி புதன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஆங்கிலேயர், பழைய யூலியன் கணக்கில் எழுதினார். அவரை வரவேற்ற ஒல்லாந்தருக்கு அன்று ஒக்டோபர் 28, சனி. ஒரே சாயங்காலம், இரண்டு திகதி.

கணக்கை அட்டைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள். யூலியன் திகதியைக் கிரெகோரியனாக்கக் கூட்ட வேண்டியது: 1582 முதல் 1700 பெப்ரவரி வரை 10 நாள், அதன் பின் 1800 பெப்ரவரி வரை 11, 1900 பெப்ரவரி வரை 12, அதன் பின் 13. போர்த்துக்கேயர் 1582இலேயே கிரெகோரியனுக்கு மாறிவிட்டார்கள். ஒல்லாந்து மாகாணமும் அதை ஒட்டியே மாறியது. ஆங்கிலேயர் மாறியது 1752இல். ஆகவே 1796க்குப் பிறகான பிரித்தானிய இலங்கை ஆவணங்களில் இந்தத் தொல்லை இல்லை. 1582க்கு முந்தியதை அப்படியே விடுவதுதான் வழக்கம்: 1476 மார்ச் 2இல் பர்கண்டி கோமகன் சார்ள்சைச் சுவிஸ்காரர் கிரான்சனில் விரட்டிய சண்டை, மாற்றாமல் மார்ச் 2இலேயே நிற்கிறது.

அப்புறம், பல நாள் ஓடிய சண்டைகள். நியூகினிக்கு அருகே ஜப்பானியக் கப்பல்களை நேச நாட்டு விமானங்கள் தாக்கிய பிஸ்மார்க் கடற்சண்டை 1943 மார்ச் 2 முதல் 4 வரை. எட்டுத் துருப்புக் கப்பல்களும் எட்டு நாசகாரிக் கப்பல்களுமாகப் போன ஜப்பானிய அணியில் துருப்புக் கப்பல்கள் எட்டும் நாசகாரிகள் நான்கும் மூழ்கின. ஆனால் 2ஆம் திகதி மூழ்கியது ஒரு துருப்புக் கப்பல்தான். பெரிய அடி விழுந்தது 3ஆம் திகதி. ஆகவே "மார்ச் 2இல் ஜப்பானியக் கப்பல் அணி அழிந்தது" என்று எழுதினால் பிழை. "மார்ச் 2இல் தொடங்கியது" என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம்.

5. உடன்படிக்கைகள்: அன்று நடந்தது என்ன?

வாசித்தார்களா, ஒப்பமிட்டார்களா, அங்கீகரித்தார்களா, கோட்டைக்குள் போனார்களா? நாலும் நாலு நாளாக இருக்கலாம்.

கண்டி உடன்படிக்கையைப் பாருங்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டது 1815 பெப்ரவரி 18. பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட உடன்படிக்கை கூட்டத்தின் முன் வந்தது மார்ச் 2. அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் கையெழுத்துகள் எல்லாம் அன்றே விழுந்தன என்று எழுதிவிடாதீர்கள். வாசித்த நாளையும் ஒப்பமிட்ட நாளையும் பிரித்துச் சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். "1815 மார்ச் 2: கண்டி உடன்படிக்கை மகுல் மடுவவில் வாசிக்கப்பட்டது" என்று போட்டால் எந்தப் பக்கத்திலிருந்தும் போன் வராது. பிரதானிகள் சிலர் தமிழில் ஒப்பமிட்டார்கள் என்பதைச் சேர்க்கச் சொல்லி உங்களை நாலு பேராவது கேட்பார்கள். ஆவணத்தின் படத்தை உங்கள் கண்ணால் பார்த்தபின் அதைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். இரண்டு வரிக்குள் அடக்கினால் சண்டைதான் மிஞ்சும்.

கொழும்புக் கோட்டைக்கும் இதே கதை. ஒல்லாந்தர் சரணடையும் ஒப்பந்தம் 1796 பெப்ரவரி 15, பிரித்தானியர் உள்ளே வந்தது 16. இரண்டு திகதியும் நூல்களில் கிடைக்கும், இரண்டும் சரி. வினைச்சொல்லைப் பொருத்திக்கொண்டால் போதும். இலங்கையின் கரையோரத்தைப் பிரித்தானியருக்கு உறுதிப்படுத்திய அமியென்ஸ் உடன்படிக்கையை 1802 மார்ச் 25 என்பாரும் உண்டு, 27 என்பாரும் உண்டு. முறையான ஒப்பம் 27. நான் அதை 27ஆம் திகதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு குழி, கொண்டாடும் நாள். பிரான்ஸ் மொரோக்கோவின் சுதந்திரத்தை ஏற்றுக் கூட்டறிக்கை விட்டது 1956 மார்ச் 2. மொரோக்கோ சுதந்திர தினம் கொண்டாடுவதோ நவம்பர் 18. இரண்டையும் ஒரு வரியில் குழைக்காதீர்கள்.

6. மரணங்கள்: அதிக கவனம் வேண்டிய இடம்

முதலில் ரஷ்யர்களைத் தீர்த்துக்கொள்வோம். அவர்கள் நெடுநாள் யூலியன் கணக்கிலேயே இருந்தார்கள். சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் இறந்தது அந்தப் பழைய கணக்கில் 1855 பெப்ரவரி 18. பன்னிரண்டு நாளைக் கூட்டினால் மார்ச் 2. ஆகவே இவர் உள்ளே வருகிறார். இரண்டாம் நிக்கலஸ் முடி துறந்தது பழைய கணக்கில் 1917 மார்ச் 2. பதின்மூன்று கூட்டினால் மார்ச் 15. இவர் வெளியே போகிறார். இந்த இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் பட்டியலைப் பார்த்தால், அதை உடனே மூடிவிடுங்கள். அதைத் தொகுத்தவர் எதையும் சரிபார்க்கவில்லை.

நம் ஆட்களுக்கு வேறு தொல்லை. ஆறுமுக நாவலர் மறைந்தது 1879 டிசம்பர் 5. ஆனால் குருபூசை கார்த்திகை மக நட்சத்திரத்தில். அது வருடா வருடம் ஆங்கிலத் திகதியில் நகரும். கோயில் துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் குருபூசைத் திகதியை எடுத்து "நாவலர் மறைந்த நாள்" என்று போட்டால், அந்த வருடத்துக்கு மட்டும் பொருந்தும் ஒரு பிழையைச் செய்திருப்பீர்கள். திதி பார்த்துத் திவசம் செய்யும் எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். வீட்டாரிடம் கேட்கும்போது "எப்போது திவசம்?" என்று கேட்காதீர்கள். மரணச் சான்றிதழில் என்ன திகதி என்று கேளுங்கள்.

மாசி என்ற சொல் இன்னும் மோசம். நம் ஊரில் பழைய சான்றிதழ், நினைவு மலர், கல்வெட்டு எதிலும் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, பங்குனி என்றால் மார்ச் என்று எழுதும் வழக்கம் உண்டு. அதே நேரம் பஞ்சாங்கத்து மாசி பெப்ரவரி நடுவில் பிறந்து மார்ச் நடுவில் முடியும். "மாசி 18" என்று ஒரு நினைவு மலரில் பார்த்தேன். பெப்ரவரி 18ஆ, அல்லது இக்காலக் கணக்கில் மார்ச் 2ஐ ஒட்டி வரும் பஞ்சாங்க மாசி 18ஆ? மலரின் மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். ஓரிடத்தில் "மாசி 30" என்று இருந்தது. பெப்ரவரிக்கு முப்பது கிடையாது. சரி, இது பஞ்சாங்கக் கணக்கு என்று பிடிபட்டது. இப்படி ஒரு தடயம் கிடைக்காவிட்டால் அந்த அட்டையை ஒதுக்கி வையுங்கள். கூடவே ஒன்று: பஞ்சாங்கக்காரருக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். அதிகாலை இரண்டு மணிக்கு இறந்தவரை முதல் நாளில் சேர்த்து எழுதியிருக்கலாம்.

மரண அறிவித்தல்களை நம்பும்போது கடல் கடந்தவர்களைக் கவனியுங்கள். டொரன்டோவில் கோடையில் இரவு எட்டு மணி என்றால் கொழும்பில் மறுநாள் காலை ஐந்தரை. இங்குள்ள குடும்பம் போன் வந்த திகதியைப் போட்டுவிடும். இறந்த இடத்துத் திகதியைத்தான் எடுக்க வேண்டும். நம் மணிக்கூடே 1996 முதல் 2006 வரை முன்னால் தள்ளி ஓடியது என்பதும் நினைவிருக்கட்டும். அந்தப் பத்தாண்டில் நள்ளிரவை ஒட்டி நடந்தவற்றை இன்றைய நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பத்திரிகையின் திகதி சம்பவத்தின் திகதி அல்ல என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். தலைப்புக்கு மேலே உள்ள திகதியை எடுக்காமல், செய்திக்குள் "நேற்று" என்றா "நேற்று முன்தினம்" என்றா இருக்கிறது என்று வாசியுங்கள்.

7. எழுதுவது

இவ்வளவுக்கும் பிறகு என் மார்ச் 2 பத்தி இது:

1476: கிரான்சனில் பர்கண்டிப் படை சுவிஸ்காரரிடம் தோற்றது.
1791: மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி லண்டனில் மறைந்தார். (1814இல் அவர் வழி மிஷனரிகள் இலங்கைக்கு வந்தனர்.)
1815: கண்டி உடன்படிக்கை மகுல் மடுவவில் வாசிக்கப்பட்டது.
1855: கிரைமியப் போர் நடந்துகொண்டிருக்கையில் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் இறந்தார்.
1943: பிஸ்மார்க் கடற்சண்டை தொடங்கியது.
1949: ஐக்கிய மாகாண ஆளுநராக இருந்த சரோஜினி நாயுடு லக்னோவில் மறைந்தார்.
1956: மொரோக்கோவின் சுதந்திரத்தைப் பிரான்ஸ் ஏற்றது.

வரிசை ஆண்டுப்படி. கண்டியை முதலில் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் போடுவதில்லை, வாசகர் கண் தானாக அங்கே போகும். ஒரு வரிக்கு ஒரு வினை. "முக்கியமான", "புகழ்பெற்ற" என்பவற்றை வெட்டுங்கள், இடம் மிச்சமாகும். வெஸ்லி வரியில் உள்ளது போல இலங்கைத் தொடர்பு ஒன்று இருந்தால் அடைப்புக்குள் சேர்க்கலாம், ஆனால் எல்லா வரிக்கும் தொடர்பு தேடி இழுக்காதீர்கள்.

அச்சுக்கு இரண்டு நாள் முன்பு பத்தியை வரலாறு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எனக்கு இப்போது அந்த ஆசிரியரே பார்த்துத் தருகிறார். கூலி, மாதம் ஒரு முறை அவர் வீட்டில் போய்ப் பிளேன்டீ குடிப்பது.

8. பிழை அச்சாகிவிட்டால்

அடுத்த நாளே, அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்து மூலைக்குத் தள்ள விடாதீர்கள். என்ன பிழை, எது சரி என்று இரண்டு வரி போதும். சாக்குச் சொல்ல வேண்டாம். பிழையைக் காட்டியவரின் பெயரைப் போடலாமா என்று அவரைக் கேளுங்கள். என் ஆசிரியர் வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு அட்டையைத் திருத்துங்கள், அல்லது அடுத்த வருடம் அதே பிழை திரும்ப வரும். அத்வா அட்டை இப்போது மார்ச் 1 பெட்டியில் இருக்கிறது. மார்ச் 2 பெட்டியில் அது இருந்த இடத்தில் வேறொரு அட்டை வைத்திருக்கிறேன். அதில் பென்சிலால்: "அத்வா விழா இன்று. சண்டை நேற்று, ஞாயிறு."